இருவர் பாடிய பாட்டு

அக்கா,

இன்று காலை கம்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைக் கடக்கும்போது அரிதாரமும் தேங்காயெண்ணெயும் குழைத்த வாசனை வந்தது. சுதந்திர நாள் நாடகத்துக்குப் பிள்ளைகளுக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அது உங்கள் வாசனை.

நம் நாடகக் கம்பெனியில் நீங்கள் ராஜபார்ட், நான் உங்களுக்கு ஜோடி. பொம்பளை ராஜா வேஷம் கட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள், உங்கள் குரலைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வெள்ளைக்காரன் காலத்தில், திரை தூக்கியதும் நாம் இருவரும் பாடுகிற சுதந்திரக் கொடிப்பாட்டை நீங்களே கட்டினீர்கள். ஒரு வரி உங்களுக்கு, ஒரு வரி எனக்கு. கோம்பையில் அதைப் பாடியபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை. “நாம கூத்தாடிகடி. நம்மளப் பார்த்து இதுவரைக்கும் யாரு எந்திரிச்சு நின்னா?” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த ஆட்டம் தேவாரத்தில். மத்தியானமே சப்-இன்ஸ்பெக்டர் வந்து பாட்டு நோட்டை வாங்கி, கொடிப்பாட்டின் மேல் குறுக்கே கோடு போட்டார். பாடினால் ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்தில் படுதாவுக்குப் பின்னால் நின்றோம்.

“வேணாங்க்கா. முன்வரிசையில போலீஸ்காரக உக்காந்திருக்காக.”

“எனக்கு மட்டும் பயமில்லையா? கையத் தொட்டுப் பாரு.”

தொட்டேன். சில்லிட்டு வியர்த்திருந்தது.

“அப்ப எதுக்குப் பாடணும்?”

“கோம்பையில நின்னாகள்ல, அவுகளுக்காகத்தான்.”

திரை ஏறியது. உங்கள் வரியைப் பாடினீர்கள். அடுத்தது என் வரி. என் வாய் திறக்கவில்லை. ஆர்மோனியம் ஒரு சுற்று வெறுமனே சுற்றி வந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் வரியையும் நீங்களே எடுத்துப் பாடினீர்கள். கடைசிவரை அப்படித்தான் பாடினீர்கள். பாட்டு முடிந்ததும், கிரீடத்தைக்கூடக் கழற்ற விடாமல் மேடையிலிருந்து இறக்கினார்கள்.

ஸ்டேஷனில் என்னிடமும் கேட்டார்கள். “அந்தப் பாட்டே எனக்குத் தெரியாதுங்கய்யா” என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “ஆமாங்கய்யா, அவளுக்குத் தெரியாது. நானாத்தான் பாடினேன்” என்றீர்கள்.

உங்களுக்கு ஆறு மாதம் ஜெயில். நான் மறு வாரமே வேறொரு ராஜபார்ட்டுக்கு ஜோடியாக மேடையேறினேன்.

திரும்பி வந்தபோது உங்கள் குரலில் பாதிதான் மிஞ்சியிருந்தது, மீதி இருமலாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் என்னைப் பார்த்துக் கேட்டது, “சாப்பிட்டியாடி?” என்பதுதான். அதற்குப் பிறகு நீங்கள் மேடையேறவில்லை. அந்த நாளைப் பற்றி நீங்களும் பேசவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் நீங்கள் படுக்கையோடு கிடந்த கடைசி நாட்களில்தான், “அக்கா, தேவாரத்துல நான்…” என்று ஆரம்பித்தேன். நீங்கள் முடிக்க விடவில்லை. “ஒன் வரியையும் சேத்துப் பாடினேன்ல, மூச்சு முட்டிப் போச்சுடி!” என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலானது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் கேட்காமலே திரும்பினேன். சுதந்திரம் வந்து கொடி ஏறியபோது நீங்கள் உயிரோடு இல்லை.

போன மாதம் தேவாரத்தில் உங்கள் நினைவாக ஒரு கூட்டம் போட்டார்கள். என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும், நீங்கள் தன்னந்தனியாக நின்று பாடியதைப் புகழ்ந்தார்கள். ஒரு வாத்தியார் பாட்டை முழுதாக, ஒரே மூச்சில் பாடியும் காட்டினார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது, அக்கா. அன்றைப்போலவே என் வாய் திறக்கவில்லை.

அது தனி ஆள் பாட்டு என்றே ஊர் நம்புகிறது. இருவர் பாடக் கட்டியது என்று அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.