ஜூனில் ஏற்றிய கிறிஸ்மஸ் ஸ்டார்

ஜூன், வியாழன் இரவு. போவன்பள்ளி.

மெட்ரோ பாதைக்கு அளவெடுக்கும் இருவர் காலையில் எங்கள் மொட்டை மாடிக்கு வந்தார்கள். "தண்டவாளம் உங்க மாடி உயரத்துக்குத்தான் வரும், மேடம்" என்று ஒருவர் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். அது போதாதா என் வீட்டுக்காரருக்கு?

சாயங்காலம் பரணிலிருந்து கிறிஸ்மஸ் ஸ்டாரை இறக்கி, வழக்கமான கம்பத்தில் கட்டி, விளக்கும் போட்டுவிட்டார். ரயிலில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க எதிர்வீட்டு மாடியில் ஏறி நின்றார். தெருவே அண்ணாந்து பார்த்தது. எதிர்வீட்டு கரீம் பாய், "க்யா சார், ஜூன்லயே கிறிஸ்மஸா?" என்று சிரித்தார்.

"ஹவ் பாய், ரிஹர்சல்!" என்று இவரும் அவர் பாஷையிலேயே ஆமாம் போட்டார்.

எனக்கு மானம் போயிற்று. இவரோ அங்கிருந்தே கத்துகிறார்: "ஏ மேரி, தண்டவாளம்தான் மாடி உயரம். உள்ள உக்காந்திருக்கிறவங்க கண்ணு அதுக்கும் மேல! ஸ்டாரை ரெண்டு முழம் ஏத்தணும்."

"முதல்ல ரயில் வரட்டுங்க!" என்றேன். எப்போது வரும் என்பது அளந்தவர்களுக்கே தெரியவில்லை.

முன்சுவரில் அவர்கள் போட்ட சிவப்புக் குறியைப் பற்றி நானும் கேட்கவில்லை, இவரும் பேசவில்லை. ரோட்டை அகலப்படுத்தினால் முன்னறை... அந்தக் கம்பமும் முன்னறைக்கு மேலேதான் நிற்கிறது.

இவர் தூங்கிவிட்டார். ஸ்டாரை அணைக்க மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். உட்கார்ந்து போகிறவர்களுக்கு இரண்டு முழம் சரி. நின்றுகொண்டு போகிறவர்களுக்கு? மூன்று முழமாவது ஏற்ற வேண்டும்.