மாடி அறையின் சுவிட்ச்

என் சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது அவரைப் போலவே முணுமுணுக்கிறது. நீ வேளைக்குத் தூங்குகிறாயா, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா? நீ அவ்வளவு தூரத்து வேலைக்குப் போனதற்காக உன்னோடு பேச்சை நிறுத்திய அப்பா இன்னும் இறங்கி வரவில்லை, போனை நீட்டினால் குளியலறைக்குள் போய்விடுகிறார். அது கிடக்கட்டும், கூடத்துப் பழைய ஃபியூஸ் பெட்டியைக் கழற்றியாயிற்று. ஒரு பீங்கான் கட்டை கருகி வாடை வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். இப்போது வரிசையாகக் குட்டிக் குட்டி சுவிட்ச், அடுப்படிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, மாடியில் உன் அறைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சுவிட்ச், எங்கேயாவது கரண்ட் கசிந்தால் மொத்த வீட்டையும் அணைத்துவிடும். எனக்கு ஒரே வேடிக்கை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்டே அந்தப் பிள்ளையின் உயிரை எடுத்துவிட்டேன்.

ஆனால் மறுநாளிலிருந்தே இருட்டியதும் பெரிய சுவிட்ச் விழுந்து வீடே அணைந்துபோனது. "பழசு என்னிக்காவது இப்படிப் பண்ணுச்சா? அதையே திருப்பி மாட்டச் சொல்லு" என்று அப்பா குதியாய்க் குதித்தார். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "எங்கயோ கசியுதும்மா, அது விழறது நல்லதுதான்" என்றார். எங்கே என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. பிறகு மாலைக்கு ஒரு குட்டி சுவிட்சாக அணைத்து வைத்துப் பார்த்தேன். அடுப்படியை அணைத்தேன், பெரியது விழுந்தது. கூடத்தை அணைத்தேன், அப்போதும் விழுந்தது. ஆளில்லாத உன் அறையைக் கடைசியாக அணைத்தேன். அன்று விழவில்லை. ஆனால் அப்பா படியிறங்கி வந்து, "மேல கரண்ட் இல்லையே" என்றார். மேலே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன், கண்ணாடியைத் தேடினேன் என்றார், கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

மறுநாள் அவர் முடிவெட்டப் போனதும் மேலே போய்ப் பார்த்தேன். உன் மேசை விளக்கின் வயர் தோலுரிந்து மேசையின் இரும்புக் காலில் உரசிக்கொண்டிருந்தது. பழைய பெட்டி என்றால் அது பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கும், அவர் மேசையில் கை வைத்திருப்பார். முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மேசைமேல் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் பக்கங்கள், நீ போனதிலிருந்து வந்தவை அத்தனையும் வெட்டி அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றிலும் இடமிருந்து வலம் மட்டும் நிரப்பியிருக்கிறது. மேலிருந்து கீழ் எப்போதும் உன் பங்குதானே, அதில் ஒரு கேள்விக்குக்கூட அவர் விடை எழுதவில்லை. உன் நாற்காலியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

விளக்குக்குப் புது வயர் போட்டாயிற்று, அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. இப்போது வீடு அணைவதில்லை, பெட்டி இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறது என்று எலக்ட்ரீஷியனிடமே பெருமையடிக்கிறார். நீ குடியிருக்கும் இடத்திலும் வயரையெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள். நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. கூடத்து போனோடு சேர்ந்து மணியடிக்குமே, உன் அறை போன், அது இன்னும் வேலை செய்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன். இங்கே இருட்டும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. எவ்வளவு நேரம் மணி அடித்தாலும் கீழே நான் எடுக்க மாட்டேன்.

உன் அம்மா