பிள்ளையார் பாட்டுக்குப் பின் வந்த மணியோசை

போன ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் பார்த்தேன். தோல் உறை போட்டது. திறந்ததும் பழைய ரப்பரும் பூஞ்சையும் கலந்த வாசனை. உங்கள் முகம் வந்து நின்றது. மூடிவிட்டு நடந்தேன். செத்துப்போனவர் மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். நான் படுவேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மில் வாசல் டீக்கடைக்குத் தேடிவந்தீர்கள். பிரான்சில் படித்தவர். மதம், மதம் வேண்டாம் என்கிற அரசியல், புதிதாகத் தெருவெல்லாம் முளைத்த ஒலிபெருக்கி, இந்த மூன்றும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பது உங்கள் ஆராய்ச்சி. நான் தறி ஓட்டிக்கொண்டே நூலகத்தில் படித்துப் பகுத்தறிவு மேடைகளில் பேசிவந்தவன். "அண்ணே, நீங்க கூட வந்தாதான் சனங்க வாயத் திறப்பாங்க" என்றீர்கள். வந்தேன். வைத்திக்குப்பத்து அம்மன் திருவிழா, பள்ளிவாசல் பாங்கு, மாதா கோயில் பூசை என்று உங்கள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அலைந்தேன். கடவுளைக் கும்பிடுகிறவர்களிடம் உங்களுக்காக மரியாதையாகப் பேசினேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும்.

பாதி இடங்களில் மைக் செட் காசிம் பாயுடையது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, முதல் இசைத்தட்டு பிள்ளையார் பாட்டுதான். "பாய், உங்களுக்கு எதுக்குப் பிள்ளையார்?" என்று கேட்டீர்கள்.

"எனக்கில்ல முசே, மிசினுக்கு. போடலன்னா பொகைஞ்சிடுது" என்றார். பிரான்சில் படித்த உங்களை அவர் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் கூட்டத்திலும் அவர் கை பழக்கத்தில் அதையே போட்டது. கடவுள் இல்லை என்று எழுதிய பலகைக்குக் கீழே பிள்ளையார் பாட்டு! தெருவே சிரித்தது. "யோவ் பாய், நிறுத்துய்யா!" என்று மேடையிலிருந்து கத்தினேன். நிறுத்தினார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன். மிஷினுக்குக்கூட சாமியைக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று. சிரித்த கூட்டம் அடங்கியது. தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள்கூட நின்று கேட்டார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உங்கள் டேப் ரிக்கார்டர் மேடைக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் கடற்கரைச் சாலை அரங்கில் உங்கள் ஆராய்ச்சியைப் படித்தீர்கள். கேசட்டைப் போட்டீர்கள். பாட்டு, சிரிப்பு, என் கத்தல். நிறுத்திவிட்டீர்கள். "சாமி வேண்டாம்னு சொல்றவங்களுக்கும் முதல்ல சாமிதான்" என்றீர்கள். அரங்கம் சிரித்தது.

கடைசி வரிசையில் எழுந்து நின்றேன். "மீதியையும் போடுங்க சார்."

"நேரமில்லண்ணே."

"போடுங்க."

போட்டீர்கள். மாதா கோயில் மணி அடித்தது. என் பேச்சின் மேல் மணியைப் பதிவு செய்திருந்தீர்கள். அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்தது. நீங்கள் குனிந்துகொண்டு, "கேசட் பத்தலண்ணே" என்றீர்கள்.

பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். "ஆராய்ச்சிக்கு அந்தப் பாட்டுதான் வேணும். பேச்சு எந்த மேடையிலயும் கிடைக்கும்ணே."

"அது என் பேச்சு. எங்க கிடைக்கும், போய் வாங்கிட்டு வாங்க" என்றேன். உள்ளே கூப்பிடவில்லை. அதுதான் கடைசி. நீங்கள் இறந்த செய்தி வந்தபோதும் நான் வரவில்லை.

இன்று உங்கள் ஆராய்ச்சியைப் படிக்கிறவர்களுக்கு நான் பிள்ளையார் பாட்டுக்கு நடுவே கத்துகிற ஒரு குரல். அவ்வளவுதான். எழுதிவைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று பேசியதில் முக்கால்வாசி எனக்கே மறந்துவிட்டது. கடைசியாகச் சொன்ன ஒரு வரி மட்டும் ஓர் எழுத்து குறையாமல் இருக்கிறது. அதற்குத்தான் கூட்டம் கை தட்ட மறந்து நின்றது. இதுவரை யாரிடமும் அதைத் திருப்பிச் சொன்னதில்லை.

உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.