எதிராளி பக்கம் பேசு

மச்சான், நீ கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்த அந்த வட்ட மெத்தையில் பூனை குட்டி போட்டிருக்கிறது. நேற்று உன் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். இலவம்பஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

பெங்களூர்ப் பக்கம் ஒரு புத்தர் மடத்தில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு, அந்த மெத்தையோடு நீ நம் சித்தேரி மலைக்கு வரும் பஸ்ஸிலிருந்து இறங்கியது கண்ணிலேயே இருக்கிறது. "அங்க என்னடா கத்துக்கிட்ட?" என்றேன்.

"கோவம் வந்தா, வந்திருச்சுன்னு பாக்கணுமாம். அது பின்னாலயே ஓடக்கூடாதாம்."

"உம்மேல வந்தா?"

"அதையும் நீதான் பாக்கணும். நான் ஓடிருவேன்" என்றாய்.

அதற்கப்புறம் ஊரில் சண்டை என்றால் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். நீ தீர்ப்பே சொல்ல மாட்டாய். "உன் நியாயம் அப்புறம். மொதல்ல எதிராளி பக்கம் பேசு" என்பாய். தேன் எடுக்கிற பாறை யாருக்கு என்று சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர், ஒருவனுக்காக ஒருவன் பேசிப் பேசிக் கடைசியில் சிரித்துவிட்டுப் போனார்கள். உன்னை ஞானி என்றது ஊர். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு மலைக்கு ஒரு காலேஜ் டீச்சரம்மா வந்தார். மனசைப் பற்றிப் படிக்கிறவராம். ஞானம் என்றால் என்ன என்று வயசானவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். உன் முறையைச் சொன்னேன். "அடுத்தவங்க கண்ணால பாக்கறதை எங்க படிப்புலயும் ஞானத்துல ஒரு பங்குன்னு சொல்லுவோம் ஐயா. தத்துவம் படிச்சவங்க, நமக்குத் தெரியலைன்னு தெரிஞ்சுக்கறதே ஞானம்பாங்க" என்றார்.

"அப்படின்னா நான்தாங்க பெரிய ஞானி. எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன். அந்தம்மா சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னது அது. நேற்றிலிருந்து விளையாட்டாக இல்லை.

நேற்று உன் மகன்கள் என்னைக் கூப்பிட்டார்கள். என் தங்கச்சிக்கு, அதுதான் உன் வீட்டுக்காரிக்கு, மூச்சிளைப்பு அதிகமாகிவிட்டது. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அரூரில் தன்னோடு இருக்கட்டும் என்கிறான் பெரியவன். மலையை விட்டு இறங்கினால் அம்மா ஏங்கியே போய்விடும் என்கிறான் சின்னவன். "அப்பா எடத்துல இருந்து நீங்க சொல்லுங்க மாமா" என்றார்கள். எனக்குத் தெரிந்தது உன் முறை ஒன்றுதான். "எதிராளி பக்கம் பேசுங்கடா" என்றேன்.

எப்படிப் பேசினார்கள் தெரியுமா! மலைக்காகப் பேசிய பெரியவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் இல்லாத நேரத்தில் மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்று பேசிய சின்னவன் நடுங்கிப்போனான். முடிவில் பெரியவன், "அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றான். சின்னவன், "இல்ல, அரூருக்கே கூட்டிட்டுப் போ" என்றான். மறுபடியும் சண்டை.

"நீதான கூட்டிட்டுப் போறேன்ன?"

"நீதான அனுப்ப மாட்டேன்ன?"

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

அடுப்படியிலிருந்து தங்கச்சி இளைத்துக்கொண்டே வந்தாள். "ஏண்ணா, அவம் பக்கம் இவன் பேசினான். இவம் பக்கம் அவன் பேசினான். எம் பக்கம் யாரு பேசறது?"

"மச்சான் இருந்தா உன்னைத்தாம்மா மொதல்ல கேட்டிருப்பான்" என்று சமாளித்தேன்.

"அவரா? பெங்களூருக்குப் போறப்பவும் கேக்கல, திரும்பி வர்றப்பவும் கேக்கல. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான்தான் காட்டைக் கொத்திக்கிட்டுக் கெடந்தேன். ஊரையெல்லாம் பேச வெச்ச மனுசன், ஒரு நாளாச்சும் எம் பக்கம் பேசினாரா?" குழம்பில் உப்புக் குறைவு என்பது போலத்தான் சொன்னாள். கோபம்கூட இல்லை.

பிறகு மகன்களிடம், "பனி முடியற வரைக்கும் அரூர்ல இருக்கறேன். சாமை வெதைக்க வந்துருவேன். அப்புறம் எங்கன்னு அப்பச் சொல்றேன். போய்க் கை கழுவுங்க" என்றாள். இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

நீ ஞானியா இல்லையா மச்சான்? தேன் பாறைச் சண்டையை நீ தீர்த்தது பொய்யில்லை. தங்கச்சி சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தது? எதிரே நிற்பவனைப் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவளைத் தெரியாமல் போகுமா? யோசிக்க யோசிக்க எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் உன் முறையை விட மனம் வரவில்லை.

இன்று காலை சோறு போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியிடம், "உனக்கு இந்த வூட்டுல இருக்கறது புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். "உடம்பு ஏதாச்சும் சரியில்லீங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.