ஒரே பாடத்தின் இரண்டு சட்டிகள்

அனுப்புநர்
வே. சுலோச்சனா, பி.எஸ்ஸி., பி.டி.,
விஞ்ஞான ஆசிரியை,
உயர்நிலைப்பள்ளி, மேல்நெல்லிப்பாக்கம்,
உத்திரமேரூர் வழி, செங்கல்பட்டு ஜில்லா.

பெறுநர்
உயர்திரு சப்-கலெக்டர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: விஞ்ஞானப் பாடத்துக்காக மாணவி தேவகி செய்த மண்சட்டியைச் சூனியம் என்று சொல்லி, நாளை வெள்ளிக்கிழமை அவள் நாக்கில் எரியும் சூடம் வைக்க இருப்பதைத் தடுக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. எங்கள் பள்ளியில் இருக்கும் ஒரே மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து நெடுநாளாகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிரணுவைக் கரும்பலகையில் வட்டமாகப் போட்டுக் காட்டினால், பிள்ளைகள் அதை வட்டமாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை, இலையின் உயிரணு ஒன்றைக் கையாலேயே செய்து வரச் சொன்னேன். ஏரி மண்ணில் பிடித்த சட்டி அதன் சுவர். சுவர் எடுப்பாகத் தெரிய உள்ளும் புறமும் சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே மஞ்சள் கலந்த கெட்டிக் கஞ்சி. இலையின் பச்சையத்துக்குப் பச்சைப்பயறு. நடுவில் உட்கருவாக எலுமிச்சம்பழம். அதைக் கீறி உள்ளே செருகிய சிவப்பு நூல் துண்டுகள்தான் குரோமோசோம்கள். இத்தனையும் என் உத்தரவு. தேவகி தன் இஷ்டத்துக்கு ஒரு பயறுகூடச் சேர்க்கவில்லை.

2. தேவகி, காலனியில் இருக்கும் செங்கேணி என்ற கூலிப்பெண்ணின் மகள். இரண்டு வாரத்துக்கு முன் அவள் சட்டியோடு பள்ளிக்கு வரும்போது, ஏரிக்கரை முச்சந்தியில், நாற்றுக்கட்டைத் தலையில் தூக்கிவிடச் சொல்லித் தாய் கூப்பிட்டிருக்கிறாள். இவளும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயலில் இறங்கியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அவ்வழியே ஓடிவந்த ஐந்து வயதுக் குழந்தை, விவசாயி முனிரத்தினம் அவர்களின் மகன், அதைத் தாண்டிவிட்டான். அந்த வாரமே அவனுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. தொண்டை அடைப்பான் நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சான்றை என்னிடம் தந்தவரே முனிரத்தினம் அவர்கள்தான். "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது டீச்சர்?" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

3. கோபம் மற்றவர்கள்மீது. "முச்சந்தில சட்டி, உள்ள எலுமிச்சம்பழம், செவப்பு நூலு, ரத்தம். சூனியம் இல்லாம இது வேற இன்னா?" என்று தெருத்தெருவாகப் பேசுகிறார்கள். ரத்தமாவது, மண்ணாவது! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? கல்யாண வீட்டில் சிவந்தால் மங்களம். காலனிப் பெண்ணின் சட்டியில் சிவந்தால் ரத்தம்.

4. அந்தச் சட்டியைக் கிராம முன்சீப் அவர்கள் சாவடியில் பூட்டி வைத்திருக்கிறார். ஊர்ப் பேச்சு அடங்கும்வரை தேவகி வீட்டிலேயே இருக்கட்டும் என்று பள்ளியிலும் சொல்லிவிட்டார்கள். செங்கேணியை யாரும் நடவுக்குக் கூப்பிடுவதில்லை. இப்போது வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாளை மாலை மாரியம்மன் கோயில் முன்பு அந்தப் பெண்ணை உட்காரவைத்து, நாக்கில் எரியும் சூடத்தை வைப்பார்களாம். கொப்புளம் வந்தால் குற்றவாளியாம். எரிகிற சூடம் யார் நாக்கில்தான் கொப்புளம் போடாது, ஐயா? முன்சீப் அவர்களிடம் போய் நியாயம் கேட்டேன். ஊர் விஷயத்தில் பள்ளிக்கூடம் தலையிட வேண்டாம் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

5. நேற்று தேவகியைப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாந்தான் வெச்சேன்னு ஒத்துக்கிறேன் டீச்சர். அப்பால அம்மாவ வேலைக்குக் கூப்புடுவாங்க." பிறகு இதையும் கேட்டாள்: "அந்தச் சட்டில நெசமாவே உசுரு இருந்திச்சா டீச்சர்? உசுரு அதுக்குள்ளதான் கீதுன்னு நீங்கதான சொன்னீங்க." உயிர் இருப்பது இலையில், நாம் செய்தது அதன் மாதிரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினாள்; நம்பியதாகத் தெரியவில்லை. வகுப்பில் முதலில் கை தூக்கும் பெண் அவள். அந்தக் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

6. தாங்கள் அவசியம் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. அதே வகுப்பில், அதே வாரம், முன்சீப் அவர்களின் மகன் ஜெகந்நாதனும் ஒரு சட்டி செய்தான். அதே எலுமிச்சை, அதே நூல், அதே சிவப்பு. அதைப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தோம். முன்சீப் அவர்கள் தம் உறவினர்களை அழைத்துவந்து, "எம்புள்ள செஞ்சது" என்று பெருமையாகக் காட்டினார். அதற்காக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இன்று காலை யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் பக்கத்து இருக்கை செங்கல்பட்டு வரை காலியாகவே வந்தது.

7. ஆகவே, நாளை நடக்க இருப்பதைத் தடுத்து உத்தரவிடவும், டாக்டரின் சான்றைச் சாவடியில் எல்லோரும் கேட்கப் படிக்கச் செய்யவும், முக்கியமாகத் தேவகியின் காதில் அது விழும்படி செய்யவும், அவளை மறுபடி வகுப்பில் உட்காரவைக்கவும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மந்திரவாதி வந்தே தீரவேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தால், தங்கள் முன்னிலையில் இந்த இரண்டு சட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எது யாருடையது என்று சொல்ல வேண்டாம். எது பாடம், எது சூனியம் என்று அவர் காட்டட்டும். முன்சீப் அவர்களும் கூட இருந்து பார்க்கட்டும். சரியாகக் காட்டிவிட்டால் அந்தச் சூடத்தை என் நாக்கில் வைக்கட்டும். பாடம் சொன்ன நாக்கு இதுதான்.

தங்கள் பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். மடியில் சட்டியோடு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவில்லாமல் ஊர் திரும்ப முடியாத,
வே. சுலோச்சனா

இடம்: செங்கல்பட்டு, தங்கள் அலுவலக வராந்தா
நாள்: 11-10-1962, வியாழக்கிழமை

இணைப்பு: டாக்டர் சான்று ஒன்று. சட்டி ஒன்று.