நூறு வருஷத்துக்கு ஒரு குழல்

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டால் எந்த அறையில் இருந்தாலும் "ம்" என்பீர்கள். எழுதிவிட்டு இப்போதும் கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தேன். பழக்கம், என்ன செய்ய?

உங்கள் துப்பாக்கி வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் இருக்கும்போதே வந்துவிடும் என்று அதைச் செய்த டேல் சொல்லியிருந்தார். அவரை என்ன குறை சொல்வது, நீங்கள்தான் அவசரப்பட்டீர்கள்.

இந்த வீட்டில் ஒரு வருஷமாக நடந்த பஞ்சாயத்து நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், இரண்டு காலித் தோட்டாக்களை நிறுத்தி வைத்திருந்தீர்கள். புதிதாகச் செய்யச் சொல்லும் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா, அதற்கு எந்தக் குழல் என்று சாதம் ஆறிப்போகும் வரை பேசுவீர்கள். ரைஸ் குக்கர் வாங்கவே மூன்று கடை ஏறி இறங்கிய மனுஷர், துப்பாக்கிக்குக் கேட்கவா வேண்டும்.

கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒல்லியான ஆறரை மில்லிமீட்டர் குண்டு வேகமாகப் பறக்கும், காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. ஆனால் அத்தனை வெடிமருந்தும் சின்னத் துளை வழியாக எரிந்து போவதால் குழலின் தொண்டை சீக்கிரம் கருகிவிடும். நீங்கள் சுடுகிற கணக்குக்கு இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. தடித்த த்ரீ-ஓ-எயிட் குண்டு அப்படியில்லை. நிதானமாகப் போகும், காற்றடித்தால் விலகும், ஆனால் குழல் வருஷக்கணக்கில் உழைக்கும்.

உங்களுக்கு ஆறரை மேல்தான் ஆசை. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் குறிக்காக நிறுத்திய அந்த இரும்புத் தகடு உங்களைத் தூங்கவிடவில்லை. சுட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், குண்டு போய்ப் பட்டு, சத்தம் திரும்பி வருகிற வரைக்கும். பழைய துப்பாக்கியில் அந்த 'டங்' ஒருநாளும் வரவில்லை. ரேஞ்ச் மைதானத்தில் நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தூரக்கண்ணாடி வழியாகப் பார்த்து, "எடது பக்கம் மண்ணு பறக்குதுங்க" என்பேன். "காத்து அம்மிணி, பாழாப்போன டெக்சாஸ் காத்து" என்பீர்கள்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். வருஷக் கணக்கில்லை, மாதக் கணக்கு என்றார். பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில் ஷேவ் செய்துகொண்டு வந்து, "டேலுகிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்குது, வர்றியா?" என்றீர்கள். கிளம்பினேன்.

ரிச்சர்ட்சன் ஊரைத் தாண்டி, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில், ஆளுக்கு அளந்து துப்பாக்கி செய்து தருகிற அந்தக் கிழவருக்கு நம் விஷயம் எதுவும் தெரியாது. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். இந்தக் குழல் உனக்கு எத்தனை வருஷம் உழைக்க வேண்டும்?

நீங்கள் மேசை மேலிருந்த எண்ணெய்க் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாராவது தும்மினாலே 'நூறு' சொல்லி வளர்ந்த வாய் இது. "நூறு வருஷம்னு சொல்லுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

சிரித்தீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. டேலிடம் இங்கிலீஷில், என் மனைவி நூறு வருஷம் கேட்கிறாள், த்ரீ-ஓ-எயிட்டே போட்டுவிடுங்கள் என்றீர்கள். ஒரு வருஷப் பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏனுங்க மாத்திட்டீங்க? உங்களுக்கு அந்த இன்னொண்ணுதான புடிச்சுது?"

"நீதான சொன்ன."

என் பேச்சை விடுங்கள், ஆசைப்பட்டதைப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வேன்? உங்களுக்கு இரண்டு வருஷக் குழலே போதும் என்று ஒரு பெண்டாட்டி வாயால் சொல்லலாமா? வீடு வந்து சேர்ந்து, உங்களுக்கு ரசம் வைத்தேன்.

பிறகு ஒருநாள் இன்ச் டேப்போடு சமையலறைக்கு வந்தீர்கள். நடக்கவே தெம்பில்லாத சமயம். "கையை மடக்கு அம்மிணி" என்று சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் அளந்தீர்கள்.

"கையெல்லாம் மாவுங்க. எதுக்கு இப்ப?"

"வின்டர் ஜாக்கெட் வாங்கத்தான்."

ஜாக்கெட் வரும் வரும் என்று பார்த்தேன். குளிர்காலம் வந்தது. நீங்கள்தான் இல்லை.

போன வாரம், துப்பாக்கி தயார் என்று டேல் ஃபோனில் கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கமலா ஆன்ட்டி, "அதெல்லாம் வீட்ல வெச்சுக்காதம்மா, பாத்துப் பாத்து அழுவ. அவரோட ஃப்ரெண்ட் யாருக்காவது குடுத்துடு" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று, வாங்கப் போன இடத்தில் டேலிடமே சொன்னேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இது வேறு யாருக்கும் பொருந்தாதே, தோளில் தாங்கும் கட்டையை உன் கைக்கு அளந்தல்லவா வெட்டியிருக்கிறேன், உன் புருஷன் ஃபோனில் அளவு சொன்னானே, உனக்குத் தெரியாதா என்றார். தோளில் வைத்துப் பார் என்று நீட்டினார். கனம் கையை இழுத்தது. ஆனால் கன்னம் வைக்கிற இடத்தில் கன்னம் உட்கார்ந்தது, விரல் தானாகப் போய் விசையைத் தொட்டது. அந்தக் கிழவர் முன்னால் நின்று ஓவென்று அழுதேன். இதுதானா உங்கள் ஜாக்கெட்?

கோபமாக வருகிறதுங்க. அந்த நூறு வருஷத்தை உங்களுக்குத்தானே கேட்டேன்? அதை என் தலையில் கட்டிவிட்டுப் போக யார் சொன்னது? டேலுக்குப் பதில் சொன்னபோதே இதை நினைத்துத்தான் சொன்னீர்களா, இல்லை அளவெடுத்த அன்றைக்குத்தான் தோன்றியதா? உங்களைத் தவிர யாரைக் கேட்க முடியும்?

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். நம்மைத் தெரிந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். முன்னே சின்னத் துப்பாக்கியில் நீங்கள் சொல்லித் தந்தபடி மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, இந்தப் புதுசில் சுட்டேன். காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி சுட்டேன், மறுபடி காத்திருந்தேன். மண் எந்தப் பக்கம் பறந்தது என்று சொல்ல நாற்காலியில் ஆளில்லை. விசையை இழுத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை, பாருங்கள். சும்மா நிற்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் நின்றது போல.

இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். காற்று தள்ளினாலும், தகடு பேசாமல் இருந்தாலும், சனிக்கிழமைதோறும் போய்ச் சுடுவேன். என் வாயால் கேட்டு வாங்கிய குழல் இது, இதை நானே தேய்த்து முடிக்கிறேன். தேய்ந்ததும் டேலிடமோ, அவருக்குப் பிறகு அங்கே இருப்பவரிடமோ போய், அடுத்த குழலை அவர் ஆசைப்பட்ட ஆறரைக்குப் போடுங்கள் என்பேன். எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டு வருஷம் போதும் என்று சொல்வேன்.

அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அம்மிணி