இரண்டாம் பானை

அய்யா,

உங்கள் துண்டை அம்மா இன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாளைக் காலையில் நான் அதில்தான் சோள விதையை மடி கட்ட வேண்டும். நீங்கள் போய் இத்தனை மாதம் ஆகியும் உங்கள் வியர்வையும் புகையிலையும் அதில் அப்படியே மணக்கின்றன. அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைத் தணித்துவிட்டு, உசிலம்பட்டிப் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்று நல்ல மழை. இன்று மத்தியானம், மேலத்தெருவில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட தம்பி, என் சித்தப்பா வந்தார். வாசலில் நின்றபடியே, "ஊர்ல பேசியாச்சு மதினி. இத்தன வருசமா மொதக் கைப்பிடி வெதைய அண்ணன்தான் போட்டாரு. இனியும் இந்த வீட்டுக் கைதான். தாயி, நாளைக்கு நீதான் போடணும்" என்றார் என்னைப் பார்த்து.

"அது பள்ளிக்கூடத்துப் பிள்ள. அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

"பேனாவப் பிடிக்கிற கையி வெதையப் பிடிக்காதா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குச் சிரிப்பு. நம் வீட்டுக் கை விழாமல் ஊரில் ஒருவரும் ஏர் பூட்ட மாட்டார்கள். விழுந்தபிறகு மழை ஏமாற்றினால், போட்டது யார் கை என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அப்படித்தானே ஆனது. நீங்கள் போட்டீர்கள், ஊரே போட்டது. முளை வந்தபின் ஒரு தூறல்கூட இல்லை. எல்லாம் கருகிவிட்டது. இதே சித்தப்பா சாவடியில் எல்லாரும் கேட்க, "அண்ணன் கையில உப்பு ஒட்டியிருந்துச்சோ என்னமோ!" என்றார். உங்கள் பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்தது. நீங்கள் கோபப்படவில்லை. "நான் போட்டேன், மழை போடல. அதப் போயித் திட்டு" என்றீர்கள்.

அடுத்த மழைக்கு ஊரில் பலர் வீட்டில் விதை இல்லை. நம் வீட்டில், நீங்கள் விதைக்காமல் எடுத்து வைத்த இரண்டாவது பானை இருந்தது. சித்தப்பா ஓலைப்பெட்டியோடு தலை குனிந்து நின்றபோது, அளந்து போட்டுக்கொண்டே, "உப்புக் கையி அளக்குது, பரவாயில்லையாடா?" என்று கேட்டீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எம்புட்டு விளைந்தது என்று யார் கேட்டாலும் நீங்கள் மூட்டைக் கணக்குச் சொன்னதில்லை. "ரெண்டாம் வெதைப்புக்கு இருக்கு" என்பீர்கள். கிணறு வெட்டியவரையும் ஓட்டு வீடு கட்டியவரையும்தான் ஊர் வெள்ளாமையில் ஜெயித்த பெரிய சம்சாரி என்றது. நீங்கள் அந்தப் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுப்பீர்கள். உங்களுக்கு அதுதான் ஜெயிப்பு.

அந்தப் பானை இப்போது காலி, அய்யா. மதுரை ஆஸ்பத்திரியில் இனி ஆகாது என்று அனுப்பிவிட்டபின், அம்மா அதிலிருந்த விதைச் சோளத்தைக் குத்தித்தான் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். "கசக்குதே" என்றீர்கள். காய்ச்சல் நாக்கு என்றாள். விதைக்குள் போட்டு வைத்திருந்த வேப்பிலையின் கசப்பு அது. விதை என்று தெரிந்திருந்தால் நீங்கள் குடித்திருக்கவே மாட்டீர்கள்.

மிச்சம் ஒரே பானை. "பாதி நிலத்துக்கு, கீழக்காட்டுக்கு மட்டும் போடுவோம், பாதி விதையை வைப்போம்" என்று அம்மாவிடம் சொன்னேன். பதறிவிட்டாள். "மொதக் கை போடுற வீடே பாதியில நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்? ஒங் கைய நீயே நம்பலைன்னுதான சொல்லும்?"

நான் நம்பவில்லைதான். ஆனால் நீங்கள் மட்டும் நம்பினீர்களா? நம்பியிருந்தால் இன்னொரு பானை எதற்கு? ஒவ்வொரு வருஷமும் நீங்களும் பயந்துகொண்டேதான் விதைத்தீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

காட்டையும் மாட்டையும்தான் நீங்கள் எங்களுக்கு விட்டுப்போனதாக ஊர் நினைக்கிறது. எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம். அதோடுதான் நாளை காட்டில் இறங்குவேன். கீழக்காடு முடிந்ததும் நிறுத்திவிடுவேன், ஊரே நின்று பார்த்தாலும்.